ரெட்டைவாசல் வீட்டுச் சமாதானம்

என் கையில் கடப்பாரை இருந்தது. உடம்பில் ராசிபுரம் பட்டு இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று எவனும் சட்டம் போடவில்லை.

மறுநாள் விடிந்தால் என் மகள் பூரணிக்குக் கல்யாணம். சாயந்திரம் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். வீட்டு முன்னால் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பந்தல்காரர் விட்டுப்போன கயிறு காலில் சிக்கிக்கொண்டே இருந்தது. நானோ காலை வெயிலில், சுவர் வைத்து அடைத்துவிட்ட ஒரு வாசலுக்கு எதிரே நின்று, எப்போது சமிக்ஞை வரும், எப்போது இடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் பழனியப்பன். அவன் கையிலும் கடப்பாரை.

அண்ணனை 'அவன்' என்றுதான் எழுதுவேன். பத்திரிகை ஆசிரியர் 'அவர்' என்று திருத்தினால் தொடரை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுவேன்.

"அம்மணி, சீலையத் தூக்கிச் செருகிக்க. கல்லு கால்ல உழுந்தா நாளைக்கு நொண்டிக்கிட்டுத்தான் மணவறை சுத்தோணும்," என்றார் பக்கத்தில் நின்ற தங்கவேல் மாமா. எங்களுக்கு ஒன்றுவிட்ட மாமா. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரி வைத்திருக்கிறார். வடக்கே எங்கெங்கோ போய்ப் பாறையில் ஓட்டை போட்ட மனிதர். அன்றைக்கு அவர் வந்த வேலை, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓட்டை போடுவது.

இந்தக் கூத்து ஏன் என்று புரிய வேண்டுமானால் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நெய்க்காரர் வெட்டிய வாசல்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் வந்தால், இறங்கி நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது செல்பி எடுக்க வந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு வாசல். பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரம், ஒரே அகலம். இரண்டும் ஒரே கூடத்துக்குள்தான் போகின்றன. புதிதாக வருகிறவர்கள் கட்டினவனுக்குக் கிறுக்கு என்று நினைப்பார்கள்.

மைசூர்க்காரர்களும் கும்பினிக்காரர்களும் இந்தப் பக்கத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்த காலம். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு இந்த வீட்டில் இருந்த எங்கள் முன்னோர் நெய் வியாபாரி. இரண்டு படைக்கும் நெய் விற்றார். நடுநிலைமை என்றால் அதுதான். யாருடைய நெய்யையும் கெடுக்கவில்லை, யாருக்கும் அளவில் குறைக்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தைக்கு அவர் வீட்டையே கேட்டார்கள்.

ஒரு தூதர் சங்ககிரிப் பக்கமிருந்து குதிரையில் வந்தார். இன்னொருவர் சேலம் பக்கமிருந்து பல்லக்கில் வந்தார். இருவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நின்றவர்கள் நின்றவர்கள்தான். முதலில் நுழைகிறவன் மேல், பின்னால் நுழைகிறவன் கீழ் என்று கணக்கு. யாரும் பின்னால் நுழையத் தயாரில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள், எத்தனையோ ஊரைக் கொளுத்தியவர்கள், ஒரு வாசற்படியைத் தாண்ட முடியாமல் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெய்க்காரர் பார்த்தார். கல்தச்சர்களைக் கூட்டிவந்து, இருந்த வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரை வெட்டி இன்னொரு வாசல் போட்டார். கதவு செய்ய நேரமில்லை. மாட்டுக் கொட்டகைக் கதவைக் கழற்றி மாட்டினார். பிறகு நடுவில் நின்று ஒரு கைதட்டு. இரண்டு தூதர்களும் ஒரே கணத்தில் உள்ளே கால் வைத்தார்கள். ஒரே உயரப் பலகையில் உட்கார்ந்தார்கள். ஒரே அளவு லோட்டாவில் மோர் குடித்தார்கள்.

மலைப்பாதையில் தானிய வண்டிகளை யாரும் மறிக்கக் கூடாது என்று பேசி முடித்தார்களாம். அந்தச் சமாதானம் எவ்வளவு நாள் நின்றது என்று சின்ன வயதில் என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அந்த வெள்ளாமை முடியற வரைக்கும்," என்றார். ராஜதந்திரம் என்பதே அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் அந்த வெள்ளாமையைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்கு இந்த ஊரில் பைக் ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து டேப் வைத்து வாசலை அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் ஆதாரம் ஒண்ணும் இல்லைங்கம்மா," என்றார்.

"மாடு உரசுன தழும்பு இருக்கற கதவ எவனாச்சும் ஊட்டுக்கு முன்னால மாட்டுவானுங்களா? தடவிப் பாருங்க," என்றேன்.

தடவிப் பார்த்தார். தழும்பு இருந்தது. "இருந்தாலும்..." என்றார். நான் மோர் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஊர்ச் சண்டையும் கைதட்டும்

ஆதாரம் எனக்குத் தேவையில்லை. வழக்கம் இருக்கிறது.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு, புருஷன் பெண்டாட்டி தகராறு. ஒருத்தர் ஒரு வாசலில், இன்னொருத்தர் மறு வாசலில் நிற்க வேண்டும். அப்பா நடுவில் நின்று கைதட்டுவார். சேர்ந்து உள்ளே வருவார்கள். அவ்வளவுதான் அப்பாவின் வேலை. அதற்கப்புறம் அவர் வாயே திறக்கமாட்டார். பாதிச் சண்டை அந்தப் படியைத் தாண்டும்போதே போய்விடும். 'நீதானே முதலில் இறங்கி வந்தாய்' என்று பிற்பாடு யாரும் யாரையும் குத்திக்காட்ட முடியாதே.

அப்பாவுக்குப் பிறகு வீட்டைப் பிரித்தோம். இடது பக்க அறைகளும் வாசலும் எனக்கு. வலது பக்க அறைகளும் மாட்டுக்கதவு வாசலும் அண்ணனுக்கு. கூடம் பொது. நானும் என் வீட்டுக்காரரும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை நடத்துகிறோம். பட்டறைக்குப் பக்கம் என்று இங்கேயே குடி வந்துவிட்டோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று அவரை ஊர் சொல்லும். அவர் கவலைப்படமாட்டார். வீட்டில் சத்தம் கேட்டால் வெல்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். இந்தக் கதை முழுக்க அவர் வெல்டிங்கில்தான் இருந்தார்.

ஃபேர்லேண்ட்ஸ் மேதை

அண்ணனுக்குக் கோழிப்பண்ணை. ஒரு சமயம் முட்டை விலை விழுந்தது. கோழிக்குச் சீக்கு வேறு. மனிதன் இடிந்துபோனான். அந்த நேரம் பார்த்து எவனோ அவனைச் சேலத்துக்கு, ஃபேர்லேண்ட்ஸில் ஏசி போட்ட ஆபீசில் உட்கார்ந்திருக்கும் ஒரு வாஸ்துக்காரனிடம் கூட்டிப்போனான்.

அந்த மேதை நேரில் வந்து பார்க்கக்கூட இல்லை. போனில் படம் பார்த்தான். "ஒரு வீட்டுக்கு ரெண்டு வாய் இருந்தா லட்சுமி ஒரு வாய்ல வந்து இன்னொரு வாய்ல போயிடுவா. ஒண்ண அடைங்க," என்றான்.

நான் பட்டறையிலிருந்து வருவதற்குள் வாசல் முழுக்க ஹாலோ பிளாக் சுவர். மாட்டுக்கதவு சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அண்ணன் சமையற்கட்டுப் பக்கம் சுவரை உடைத்து ஒரு சந்து வழி பண்ணிக்கொண்டான். இரண்டு ராஜ்ஜியத்துத் தூதர்கள் நுழைந்த வாசலை, போனில் படம் பார்த்த ஒருவன் பேச்சைக் கேட்டு அடைத்துவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாரியம்மன் பண்டிகையில், ஊரே கூழ் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "கோழி வளத்து வளத்து உனக்கும் கோழிமூளையே வந்துபோச்சு," என்று சொன்னேன். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. கூடத்துக்குள் வருவதையும் நிறுத்திவிட்டான்.

சொன்னதற்கு வருத்தமா என்று சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை. அது சரியான வார்த்தை.

அவன் கட்சி என்னவென்றால், வாசலை அடைத்த பிறகு முட்டை விலை ஏறியதாம். ஏறத்தான் செய்தது. நாமக்கல் முழுக்க ஏறியது. நாமக்கல் முழுக்கவா வாசலை அடைத்தார்கள்?

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். சரசு நங்கையாளுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. பின்பக்கம் துணி காயப்போடும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று தினமும் பேசுவோம். குழம்புக் கிண்ணம் கம்பிக்கு மேலே போகும், வரும். அண்ணன் தலை தெரிந்தால் இருவரும் துணியை உதறத் தொடங்கிவிடுவோம். என் வீட்டு ரசத்தை அவன் எத்தனையோ முறை தெரியாமலே குடித்திருக்கிறான். தெரியாமல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாமன் இல்லாமல் மணவறை இல்லை

பூரணிக்கு எடப்பாடிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மினுங்குகிற சின்னத் தகடு, நூலில் கோத்தது. அதை மாமன் கட்டினால்தான் பெண் மணவறை ஏறுவாள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

முறைக்கு யாராவது பங்காளியை வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பூரணி சேலத்தில் வங்கியில் வேலை பார்க்கிறாள். என் வாய் அப்படியே அவளுக்கு. "மாமா கட்டலீன்னா நான் மணவறைல உக்கார மாட்டேன். அந்த ஊட்டுக்காரங்களுக்கு நீயே போயி பதில் சொல்லிக்க," என்று முடித்துவிட்டாள்.

சரி, நான் வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்துப் போய் அழைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே போய்? கூடத்து வழியாகப் போனால் அது அழைப்பு ஆகாது, வீட்டுக்குள் நடப்பதுதான். சமையற்கட்டுச் சந்து வழியாகவா? சோற்றுக்கு வந்தவள் மாதிரி குனிந்து போய் அண்ணனைக் கல்யாணத்துக்கு அழைப்பதா? வாசல் வழியாகத்தான் போவேன். அவனுக்கோ வாசல் இல்லை.

அவனும் சொல்லியனுப்பினான். "எல்லாரும் அந்தச் சந்துலதான வாராங்க. இவ மட்டும் என்ன மகாராணியா?"

"ஆமா," என்று சொல்லியனுப்பினேன்.

தூது

அப்போதுதான் தங்கவேல் மாமாவைப் பிடித்தோம். அவர் என் பக்கம் ஒரு காப்பி, அண்ணன் பக்கம் ஒரு காப்பி என்று குடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். 

முதலில் வாசலை இடிக்க அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "லட்சுமி போயிருவாளாமுங்க மாமா. போனா நீங்க பொறுப்பா?"

மாமா சொன்னார்: "ஏனுங் மாப்ள, தாய்மாமன் இல்லாம ஒரு புள்ள மணவறைல அழுதுக்கிட்டு நின்னா, லட்சுமி உங்கூட்டுலயா இருப்பா?"

அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தானாம். பிறகு, "இடிக்கலாம். ஆனா அவதான் வந்து இடிக்கோணும். நானே இடிச்சா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிப்போடும்," என்றான்.

"அவன் இடிச்சாத்தான் நான் போவேன். நான் இடிச்சா நான் கெஞ்சுன மாதிரி," என்றேன் நான்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "பாறையே தேவலாமுங்க. அதுக்காச்சும் தொளை போடற பிட்டை மாத்துனா உள்ள எறங்கும்."

வழியைச் சொன்னது பூரணிதான். "ரெண்டு பேரும் இடிங்க. மாமா உள்ள இருந்து, அம்மா வெளிய இருந்து. ஒரே சமயத்துல. நான் கைதட்டறேன்."

அதற்கப்புறமும் ஷரத்துகள் இருந்தன. அண்ணன் இடிப்பதற்காகச் சமையற்கட்டு வழியாகக் கூடத்துக்குள் வருவது நுழைந்த கணக்கில் சேராது. இடித்த பிறகு அவன் தெருவுக்கு வந்துவிட வேண்டும். இன்னொரு கைதட்டு. அவன் அவன் வாசலில், நான் என் வாசலில், சேர்ந்து உள்ளே போவோம். முதல் வார்த்தையை இருவரும் பேசக் கூடாது. நங்கையா வந்து பொதுவாக, "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்பாள். அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

'கோழிமூளை'யை நான் திரும்பப் பெற வேண்டும் என்றான். முடியாது என்றேன். கல்யாணம் முடியும் வரை சொல்லாமல் இருந்தால் போதும் என்று மாமா பேசி முடித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் வாசலை மறுபடி அடைப்பானா என்ற கேள்வியை இருவருமே கிளப்பவில்லை. மாமாவும் கிளப்பவிடவில்லை.

மருதாணி

இப்போது திரும்பவும் அந்தக் காலை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கீல் முனகும் சத்தம். மாட்டுக்கதவு திறக்கிறது. எத்தனை வருஷமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. சின்ன வயதில் அப்பா வெளியூர் போய்த் திரும்பினால் அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும்.  கடப்பாரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தயாருங்களா?" மாமா கேட்டார்.

"தயார்," என்றேன்.

"ம்," என்று சுவர் சொன்னது.

"கண்ணு, தட்டு," என்றார் மாமா பூரணியிடம்.

பூரணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை மருதாணி. பச்சை ஈரம்.

"இப்பத்தான் வெச்சு முடிச்சாங்க. தட்டுனா எல்லாம் அழிஞ்சுபோயிருமுங்க."

"அடக் கருமமே. வேற யாராச்சும் தட்டுங்க."

"நான் தட்டட்டுங்களா?" என்று சந்துப் பக்கமிருந்து நங்கையா எட்டிப் பார்த்தாள்.

"அது அவிய கட்சி ஆளு. செல்லாது," என்றேன்.

"அப்ப நீங்களே தட்டிப்போடுங்க மாமா," என்றாள் நங்கையா.

"அவரு அவ ஊட்டுக் காப்பியத்தான் என்னூட்டுத விட எச்சாக் குடிச்சாரு. செல்லாது," என்றது சுவர்.

எல்லாரும் நின்றோம். அன்றைக்கு அந்தத் தூதர்கள் நின்ற மாதிரியே, அதே இடத்தில், அதே வெயிலில். கடப்பாரை கனத்தது. பட்டு முதுகில் ஒட்டியது. பூரணி முகம் மெல்லச் சுருங்குவதைப் பார்த்தேன். மாலை மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டிய பெண், கையை விரித்துக்கொண்டு, அழுதால் கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் நிற்கிறாள். இந்தக் கைதட்டு நடக்கவில்லை என்றால் இந்த வீட்டில் நாளைக்குக் கல்யாணம் இல்லை.

தங்கவேல் மாமா திரும்பி நடந்தார். வீட்டுக்கு எதிரே அவருடைய ரிக் லாரி நின்றுகொண்டிருந்தது. கார் எடுத்து வந்தால் சொந்தக்காரர்கள் ஏற்றிவிடச் சொல்வார்கள் என்று அதில்தான் எங்கும் வருவார். ஏறிக் கதவைச் சாத்தினார்.

"இது எந்தக் கட்சியும் இல்லைங்க," என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். ஏர் ஹார்னை அழுத்தினார்.

நான் லாரிகளோடு வாழ்கிறவள். அப்படி ஒரு ஹார்னை நான் கேட்டதில்லை. வாழைமரம் ஆடியது. தெருநாய்கள் ஓடின. பின்பக்கக் கொட்டகையில் அண்ணனின் கோழிகள் மொத்தமும் ஒரே குரலில் அலறின.

பயத்திலேயே இடித்தேன். அவனும் பயத்திலேயே இடித்திருப்பான்.

அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரை என்ன சொல்வது. சிமெண்டையே காட்டாமல் கட்டியிருக்கிறான். காலை முழுக்க இடிக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த சுவர், ஒரே இடியில், சோர்ந்துபோன ஆள் நாற்காலியில் சரிவதைப் போல மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. வெள்ளைத் தூசி எழுந்தது. தூசி அடங்கியபோது எதிரே என் அண்ணன். தலை, மீசை, இமை எல்லாம் வெள்ளை. திருநீற்றில் உருண்டவனைப் போல நின்றான். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஷரத்துப்படி யாரும் பேசக் கூடாது.

கோழிகள் நிறுத்தவில்லை. அவன் காது அந்தப் பக்கமே இருந்தது. தாங்க முடியாமல், "கோழியெல்லாம் மெரண்டுபோச்சு," என்றான்.

"மெரளாம என்ன பண்ணும்? உன்ற மூளைதான அதுகளுக்கும்," என்றேன்.

வாயை விட்டு வந்துவிட்டது.  லாரிக்குள் மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பூரணி, "அம்மா," என்றாள். அந்த ஒரு சொல்லில் என்னைக் கொன்றுவிடுகிற தொனி இருந்தது.

அண்ணன் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்கதவில் சாய்ந்துகொண்டு, தூசியில் இருமி இருமிச் சிரித்தான். அப்பா செத்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் வந்துவிட்டது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். மாமா லாரியிலிருந்து இறங்கச் சிரமப்பட்டார். மருதாணிக் கையை மேலே தூக்கிக்கொண்டு பூரணி குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து, பொறுப்பான மனுஷியாக, நங்கையா நடுவில் வந்து நின்று மெல்லிய குரலில் கேட்டாள்: "காப்பி குடிக்கறீங்களா?"

மறுபடியும் முதலிலிருந்து சிரித்தோம்.

ஒரு ஹார்ன் பாக்கி

தயாராக வைத்திருந்த அழைப்புத் தட்டை எடுத்தேன். வெற்றிலை மேலெல்லாம் சிமெண்டுத் தூசி. ஊதிவிட்டு நீட்டினேன். எப்படி நீட்டினேன், எப்போது இடிபாட்டின் மேல் ஏறினேன் என்று ஞாபகமில்லை. பார்க்கும்போது அவன் வாசலில் நான் நிற்கிறேன். அவன் பாதி தெருவில் நிற்கிறான்.

"நாளைக்குக் காலைல வந்து என்ற புள்ளைக்குப் பட்டங் கட்டிப்போடு," என்றேன்.

"என்ற மருமகளுக்கு நான் கட்டாம எவன் வந்து கட்டுவான்? பட்டம் வாங்கி பீரோல வெச்சு மாசமாச்சு," என்றான். பிறகு தணிந்த குரலில், "சீலையும் எடுத்து வெச்சிருக்கறன். உன்ற ரசத்துல இப்பல்லாம் புளி எச்சா போடற," என்றான்.

நான் நங்கையாளைப் பார்த்தேன். அவள் கையில் துணி இல்லாவிட்டாலும் முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்று பின்னாலிருந்து மாமா கூப்பிட்டார். "இன்னொரு ஹார்ன் பாக்கி இருக்குதுங்க. நீங்க முறையா உள்ள போவோணும்."

யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. கோழிகளுக்காகவாவது விட்டுவிடுங்கள் என்று அண்ணன் கும்பிட்டான்.

மண்டபத்துக்கு ஒரு வாசல்

மறுநாள் காலை அவன் வெள்ளை வேட்டியில் வந்தான். காதுக்குள் இன்னும் தூசி இருந்தது. பூரணிக்கு எதிரே நின்று பட்டத்தை நெற்றியில் வைத்து நூலைக் கட்டினான்.  கண் கலங்கியிருந்தால் நூல் எங்கே தெரியும்? பட்டம் கோணலாக நின்றது. பூரணி தன் புருவத்தையே பார்க்கிற மாதிரி கண்ணை உயர்த்தி அதைப் பார்க்க முயன்றாள்.

அந்த நல்ல நேரத்தில் நான் ஒன்றும் பேசாமல் கண் கலங்கி நின்றேன் என்று எழுத ஆசைதான். பேசினேன்.

"கோணலா இருக்குது."

"நேராத்தான் இருக்குது."

"எடப்பாடிப் பக்கம் சாஞ்சிருக்குது, கோழிமூளை."

"கல்யாணம் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு ஒப்பந்தம். மாமா, பாத்துக்கங்க."

மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் பார்த்தார்கள். தங்கவேல் மாமா கூட்டத்தில் எங்கோ ஒளிந்துகொண்டார்.

பூரணி எழுந்து நிற்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. வங்கியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற குரலில் சொன்னாள்: "ரெண்டு பேரும் வெளிய போங்க. போயிட்டு ஒண்ணா உள்ள வாங்க. அப்பறம் மாமா நேரா கட்டட்டும்."

போனோம். வேறு வழி? வெளியே போய்த் திரும்பியபோதுதான் பார்த்தோம். மண்டபத்துக்கு இருப்பது ஒரே வாசல்.

அவனுக்கு முட்டை தின்று வளர்ந்த உடம்பு. எனக்கும் குறைச்சல் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். யாரும் பின்னால் நிற்பதாக இல்லை. தோளோடு தோள் இடித்து, பக்கவாட்டில் திரும்பி, என் பட்டு அவன் கைக்கடிகாரத்தில் மாட்டிக் கிழிய, வாசல் தோரணத்து மாவிலையெல்லாம் தலையில் உதிர, இருவரும் ஒரே கணத்தில் உள்ளே விழுந்தோம்.

இரண்டாவது முறை நேராகக் கட்டினான்.